விஜய் மருந்து

ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈரம் பூத்தது. பிரின்சி துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்தால் உள்ளே அப்பா செல்லப்பாண்டி தெரிந்தார். இரண்டு வருடமாக இருமிய வாய் ஒருவழியாக மூடியிருந்தது.

மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்து நின்றதும் சாராள் அத்தை வாசலுக்கு ஓடினாள். சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கிய பிரின்சியின் அண்ணன் விஜய்ராஜைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

“ஏலே விஜய்... ரெண்டு வருசமா உன் மருந்துலதான்டா எங்கண்ணன் உசுரு ஓடுச்சு!”

கூடியிருந்த போடி பஜார் தலையாட்டியது. போதகரும் ஜெபத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார், தூரத்திலிருந்தும் தகப்பனைத் தாங்கிய மகனுக்காக ஸ்தோத்திரம் என்று. மதுரை வேலையை விட்டுவிட்டு, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்து, சளிச் சட்டி கழுவியவளைப் பற்றி ஜெபத்தில் ஒன்றும் வரவில்லை. வரும் என்று பிரின்சியும் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் கண்ணாடியை இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள்.

முப்பது வருடம் ஏலக்காய்க் கடைத் தூசி போய் அடைத்த நெஞ்சு அப்பாவுடையது. தேனி டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து, அவள் நகர்ந்ததும் ஜன்னல் வழியாகத் துப்புவார். கேட்டால், இங்கிலீஷ் மருந்து சூடு என்பார். அந்தச் சமயத்தில்தான் விஜய்ராஜ் ஊருக்கு வந்த ஒருவரிடம் சீன மருந்து கொடுத்துவிட்டான். கண்ணாடி பாட்டிலில் கருகருவென்று பாகு. ஏதேதோ இலையும் வேரும் தேனில் காய்ச்சியது. கூடவே சளிக்குப் பொடிப் பொட்டலங்கள். குளிர் நடுக்கிச் சளி பிடித்தால் சிவப்புப் பெட்டி, தொண்டை எரிந்தால் பச்சைப் பெட்டி என்று போனில் பாடம் நடத்தினான். அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கடைக்கு யார் தும்மிக்கொண்டு வந்தாலும் எடை போடுவதை நிறுத்திவிட்டு, “குளிருதா, எரியுதா?” என்று விசாரணை. அரைப் போடிக்கு அவர்தான் வைத்தியர்.

மற்றவர்கள் சளி எப்படியோ, அவருடைய இழுப்பு அந்தப் பாகுக்கு அசையவில்லை. ஒருநாள் உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்துப் பயந்துபோய் டாக்டருக்குப் போன் போட்டாள்.

“மாத்திரையைப் பொடிச்சுப் பாகுல கலந்து குடுக்கலாமா டாக்டர்?”

“குடுக்கலாம்மா. பயங்கரமாக் கசக்கும். குடிப்பாரா?”

“அண்ணன் மருந்துன்னா குடிப்பாக.”

அன்றிலிருந்து காலையும் மாலையும் இஞ்சி தட்டும் இடிகல்லில் மாத்திரையைப் பொடித்தாள். முதல் கரண்டிக்கே அப்பா முகத்தைச் சுளித்தார். அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு விழுங்கிவிட்டார். பத்தே நாளில் கடைக்கு நடந்து போனார். விஜய் மருந்து கசந்தாலும் கேட்கிறது என்று பஜார் முழுக்கச் சொன்னார். பிரின்சி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அத்தையிடம் சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் கம்பம் வரைக்கும் போயிருக்கும். அப்பா காதுக்கு வந்தால் குடிப்பதை நிறுத்திவிடுவார்.

போன வாரம் பள்ளிக்கூடத்துப் பயிற்சி என்று நாலு நாள் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. நாலு நாளுக்கும் சேர்த்து ஒரு பழைய பாட்டிலில் கலந்து வைத்துவிட்டு, துணைக்கு வந்த அத்தையிடம் இதிலிருந்து மட்டும் கொடுங்கள், நன்றாகக் குலுக்கிக் கொடுங்கள் என்று இரண்டு முறை சொன்னாள். தினமும் போனில் கேட்டாள், மருந்து குடிச்சாகளா என்று. குடிச்சாக என்றாள் அத்தை. நாலாம் நாள் திரும்பி வந்தபோது அப்பாவின் மூச்சுச் சத்தம் வாசலிலேயே கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போயும் மறுநாள் காலையைத் தாண்டவில்லை.

“மாத்திரையை நிறுத்துனீங்களா?” என்று டாக்டர் கேட்டதற்கு, “ஒருவேளை கூட இல்ல” என்று அடித்துச் சொன்னாள்.

விஜய்ராஜ் இருமினான். விமானத்தில் அடித்த ஏசி. அத்தை அவனைச் சமையலறைக்கு இழுத்து வந்தாள். வெந்நீர் வைக்க வந்த பிரின்சி, அத்தை அலமாரியிலிருந்து எடுத்த பாட்டிலைப் பார்த்தாள். தான் திறக்காத பாட்டில். பாதி காலியாகி இருந்தது.

“இத யாரு திறந்தது?”

“நான்தான். நீ வச்சுட்டுப் போனது அடியில வெள்ளையா மண்டிக் கெடந்துச்சாத்தா. கெட்டுப்போச்சுன்னு அன்னைக்கே சிங்க்ல ஊத்திட்டேன். சீக்காளிக்கு அதக் குடுக்கலாமா? புதுசாத் திறந்து குடுத்தேன்.”

பிரின்சி அடுப்பை அணைத்தாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“இதுல சொல்ல என்ன இருக்கு? எல்லாம் ஒரே மருந்துதான? அண்ணன்தான் சின்னப்பிள்ள மாதிரி ஒரே அடம். ஒரு வாய் குடிச்சுட்டு, ‘இது இனிக்குது சாராளு, இது விஜய் மருந்து. எனக்குப் பிரின்சி மருந்தக் கொண்டா’ன்னாக. நாலு நாளும் அதையே கேட்டாக. புத்தி தடுமாறிருச்சு போலன்னு நெனச்சேன்.”

நாலு நாளும். அப்படியென்றால் இரண்டு வருடமும் தெரிந்துதான் குடித்திருக்கிறார். தெரிந்துகொண்டே ஊருக்கெல்லாம் விஜய் பெயரைச் சொன்னவர், மூச்சு முட்டும்போது அவள் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்த ஒரு வார்த்தையை அவளிடம் ஒருநாள் சொல்லியிருந்தால் இந்த ஒளிவுமறைவே வேண்டியிருக்காது. மாத்திரைச் சீட்டை அத்தை கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். பெட்டிக்குள் கிடப்பவரை உலுக்கிக் கேட்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

விஜய்ராஜ் கரண்டியை நக்கினான். “இனிப்பாத்தான இருக்கு? கசக்கும்னுல்ல அப்பா போன்ல சொல்லுவாக.”

அத்தை பிரின்சியின் முகத்தைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள் மெல்ல மிரண்டன.

“ஏத்தா... நான் எதும் தப்புப் பண்ணிட்டேனா?”

பிரின்சி பாட்டிலை வாங்கி மூடினாள்.

“இல்ல அத்தை” என்றாள்.

கூடத்தில் அடக்கப் பாட்டு தொடங்கியது. இரண்டு பேரும் அவசரமாக வெளியே போனார்கள். பிரின்சி அடுப்பு மூலையிலிருந்து இடிகல்லை எடுத்தாள். அடியில் போன வாரத்துப் பொடி வெள்ளையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. குழாயைத் திறந்து, விரலால் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்தாள்.