ஏழு ஷார்ப்

அண்ணன் இசைப் புத்தகத்தைப் பியானோவின் தாங்கியில் விரித்துவைத்தான். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பக்கம் நான் திருப்பறேன். நீ வாசி."

"வேணாம்ணா. எனக்கு மனப்பாடம்."

"தெரியும்டி, பெரிய மேதை! அப்பா பென்சில்ல எழுதினதெல்லாம் இதுல இருக்கு. இருக்கட்டும்."

கூடத்தின் நடுவே பெட்டியில் அப்பா கிடந்தார். நாற்பது வருடம் பியானோ சொல்லிக்கொடுத்த விரல்களை யாரோ கோத்துவைத்திருந்தார்கள். முன்வரிசை முழுக்க அவருடைய மாணவர்கள். அவர்கள் நடுவில் அம்மா.

அவள் வாசிக்க வேண்டிய பிரிலூட் என்ற முன்னிசையும் அதைத் தொடரும் ஃபியூகும் முந்நூறு வருடத்துக்கு முன், ஏழு ஷார்ப் சுருதியில் எழுதப்பட்டவை. ஏழு சுரமும் அரைப்படி ஏறிவிடும். விரல்கள் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளிலேயே நடக்க வேண்டும். அப்பாவிடம் படித்த யாரும் அதைத் தாண்டியதில்லை. அண்ணனுக்குப் பதினைந்து வயதானபோது, "உனக்கு இது வராதுடா" என்று சொல்லி அப்பா பியானோவை மூடினார். அதன்பின் அவன் அதைத் தொடவே இல்லை.

சென்ற வாரம், கழுத்தைக்கூடத் திருப்ப முடியாமல் படுத்திருந்தவர் அதைக் கேட்க வேண்டும் என்றார். அவள் அடுத்த அறையில் இருந்த எலெக்ட்ரானிக் கீபோர்டில் சுருதியை ஏற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒருமுறை அழுத்திவிட்டு, வெள்ளைக் கட்டைகளில் சுலபமாக வாசித்தாள். ஒலி மட்டும் அரைப்படி மேலே, சரியான சுருதியில் வந்தது. கதவு கிறீச்சிட்டால்கூட அது என்ன சுரம் என்று சொல்லிவிடும் காது அவருக்கு. அவள் ஏமாற்றியது அந்தக் காதைத்தான்.

அவர் அழுதார். அம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா? என் பொண்ணு தாண்டிட்டா" என்றார். "என்னைத் தூக்கறப்ப அவ இதையே வாசிக்கட்டும்."

சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் கட்டிலருகே போனாள். இரண்டு முறையும் போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இங்கே இருப்பது மரப் பியானோ. பட்டன் கிடையாது.

"என்னடி, இன்னும் ஆரம்பிக்கல?" அண்ணன் குனிந்து கேட்டான். "ஒண்ணு சொல்லவா? நீ இதை வாசிச்சதை அம்மா போன்ல சொன்னப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அப்புறம், சரி, நம்ம வீட்ல ஒருத்திக்காவது வந்துச்சேன்னு நினைச்சேன்."

"அண்ணா..."

"ஆரம்பி. அம்மா பாக்கறாங்க."

அவள் கறுப்புக் கட்டைகளில் விரல்களை வைத்தாள். முதல் வரியிலேயே நான்காவது விரல் வழுக்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் கைகளை எடுத்து, மடியில் துடைத்து, வெள்ளைக் கட்டைகளில் இறக்கினாள்.

பிரிலூட் அரைப்படி தாழ்ந்து, தடங்கலின்றி ஓடியது. அண்ணன் தாளைப் பார்த்தான். வரியின் தலையில் ஏழு ஷார்ப்புகள். அவள் கையைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான்.

ஃபியூக் தொடங்கியது. வலக்கையில் ஒரு குரல் தனியாகச் சொன்னதை இரண்டாவது குரல் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. பெட்டியைத் தூக்க ஆறு பேர் குனிந்தார்கள். முன்வரிசையில் மூத்த மாணவர் ஒருவர் நெற்றியைச் சுருக்கி, கட்டைகளைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார்.

அண்ணன் எழுந்து பக்கத்தைத் திருப்பினான். மறுபடி உட்காரவில்லை. முன்வரிசைக்கும் அவள் கைகளுக்கும் நடுவில், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அடுத்த தாளின் ஓரத்தை விரலால் பிடித்தான்.