ஐந்து அங்குலத்துக்குக் கீழே

1

இந்தக் கதை என்னுடையதில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சாய்ந்தமருதில் கரைவலைக் கயிறு இழுத்த ஜெமீல், கல்முனையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சொன்னது. அவருக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. நான் இரண்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: நீலக் கடலின் மடியில், விடியலின்... (அடித்துவிட்டேன். அங்கே யாருக்கும் கடலை அப்படிப் பார்க்க நேரமில்லை.)

இரண்டாவது: 1955இல் தம்பிலுவில் ஊர்த் தங்கராசா, அரசாங்கத்தின் மீன் ஆராய்ச்சிக்கு அளவெடுப்பவர், சாய்ந்தமருதுக் கரைக்குச் சைக்கிளில் வந்து இறங்கினார். (பரவாயில்லை, இருக்கட்டும்.)

2

வேலை எளிது. வாரம் ஒருமுறை, வலை கரையேறியதும் நூறு கீரி மீனைப் பலகையில் வைத்து நீளம் குறிக்க வேண்டும். ஐந்து அங்குலத்துக்குக் குறைந்த கீரி இன்னும் முட்டையிடாதது. குஞ்சுகளே அதிகம் பிடிபடுகின்றன என்று தெரிந்தால், வலையின் கண்ணைப் பெரிதாக்கச் சட்டம் வரலாம்.

பதினொரு மாதமாக எல்லாமே ஆறு, ஆறரை. கடல் செழிப்பாக இருக்கிறது என்று தங்கராசா மேலே எழுதி அனுப்பினார்.

(இந்த மனிதரை நான் கொஞ்சம் சந்தேகிக்கிறேன். ஒருநாளாவது தலை நிமிர்ந்து மீன் குவியலைப் பார்த்திருக்க மாட்டாரா? ஜெமீலிடம் கேட்டேன். "நல்ல மனிசன். குடுத்தத அளந்தார்" என்றார்.)

3

குட்டை உடைத்தவர், கரையில் மீன் காயப்போடும் சல்மா உம்மா. பலகையை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இதெல்லாம் எங்க இரிந்து வந்த மீன் தம்பி? என்ட பாயில கிடக்கிறதெல்லாம் விரல் நீளந்தானே!"

தங்கராசா தண்டயலிடம் போனார். தண்டயல் என்றால் வலைக்காரர்களின் தலைவர். பெயர் பக்கீர் முகைதீன்.

"காக்கா, எனக்குத் தார மீனப் பொறுக்கியா எடுக்கிறீங்க?" (அங்கே காக்கா என்றால் அண்ணன்.)

"ஓம். பின்ன? நம்மட கரைக்கு வந்த மனிசனுக்குப் பொடி மீனயா குடுக்கிற? பெரிசாப் பாத்து நானேதான் பொறுக்கிற."

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. பதினொரு மாத அளவையும் மரியாதைதான் கெடுத்திருந்தது.

4

அன்றைக்குத் தண்டயல் குவியலுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் விட்டு அள்ளிப் போட்டார். (இங்கே அலையோசை பற்றி ஒரு வரி... வேண்டாம்.) நூறில் எண்பத்து மூன்று குஞ்சு.

தண்டயல் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"இத எழுதினா?"

"வலைக் கண்ணப் பெரிசாக்கச் சொல்லுவாங்க காக்கா. பொடி மீன் தப்பிப் போயிரும். ரெண்டு மூணு வருசம் கஷ்டந்தான்."

"எழுதாட்டி?"

"முட்டையிட மீன் மிஞ்சாது. மறுகா வலைக்கே வேல இரிக்காது."

தண்டயல் கயிற்றடியில் நின்ற முப்பது பேரைக் காட்டினார். ஜெமீலும் அதில் ஒருவர்.

"எழுதுங்க தம்பி. ஆனா எனக்கிட்டச் சொன்னத அவங்களுக்கும் சொல்லிப்போட்டு எழுதுங்க."

5

ஜெமீல் எனக்கு இரண்டு முடிவு சொன்னார். ஒன்றில் எல்லாரும் சம்மதிக்கிறார்கள். இன்னொன்றில் அளவுப் பலகையை யாரோ அடுப்பில் வைத்துவிடுகிறார்கள். எது நடந்தது என்று கேட்டால் மழுப்பினார். தங்கராசா என்னதான் சொன்னார் என்று விடாமல் கேட்டேன்.

"எனக்கு அப்ப வீட்டில நாலு புள்ளயள். அவர் கதைக்கத் தொடங்கக்குள்ள அதுகளத்தான் நெனச்சிக்கிட்டு நிண்டன். கதைச்சதொண்டும் காதில ஏறல்ல."

தங்கராசாவுக்காக நான் மூன்று பேச்சு எழுதினேன். மூன்றிலும் விஞ்ஞானம் சரியாகவே இருந்தது. அந்த நாலு பிள்ளைகள்தான் எதிலும் இல்லை. மூன்றையும் கிழித்துப் போட்டேன், வெட்கமாக இருந்தது.

தங்கராசா எழுந்து நிற்கிறார். முப்பது பேரும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அவரையே பார்க்கிறார்கள். முதல் வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள். ஜெமீலின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.