இரண்டு விரற்கடை

ஆர்வெக் தீவில் டார்கில் யார் பெயரில் மெட்டுக் கட்டினானோ, அந்த மெட்டை அவன் பிடிலில் வாசிக்கும்போது அவர் தரையை விட்டு எழும்புவார். மெட்டு நின்றதும் இறங்கிவிடுவார், பட்டென்று நின்றால் பொத்தென்று விழுவார். தபால்காரர் டூகல் ஒரு சாண் எழும்புவார். படகுக்காரர் ஹாமிஷ் முழங்கால் உயரம் போவார். ஒருமுறை கையிலிருந்த விஸ்கியைக் கீழே இருந்தவர்கள் தலையில் சிந்திவிட்டார், விஸ்கிக்காக ரொம்ப வருத்தப்பட்டார். மேக்கே வீட்டுப் பசுகூட சரிவில் மேய்ந்தபடியே குளம்பு நனையாத அளவுக்கு எழும்பும். மனதில் எவ்வளவு வைத்துக் கட்டினானோ அவ்வளவு உயரம் என்பது ஊருக்கே தெரியும். அவன் முகத்துக்கு நேரே யாரும் அதைப் பேசுவதில்லை.

மர்டினா அவனுக்கு இரண்டாம் தாரம். கல்யாணத்தன்று அவளுக்கும் ஒரு மெட்டுக் கட்டினான். ஊர்க்கூடத்தில் எல்லோரும் பார்க்க, அவள் நாற்காலியோடு எழும்பியது இரண்டு விரற்கடை. கிட்டார் வாசிக்கும் ஃபின்லே குனிந்து, நாற்காலிக் காலுக்கு அடியில் விரலை விட்டு அளந்தே பார்த்துவிட்டான். பசுவைவிடக் குறைவு. டார்கிலின் வாத்தியக் குழுவில் அக்கார்டியன் என்ற துருத்திப் பெட்டி வாசிப்பவள் மர்டினாதான். இவ்வளவு கனத்தை மடியில் வைத்துக்கொண்டு எவள்தான் மேலே போவாள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"பெட்டிய இறக்கி வச்சிட்டு ஒரு தடவ பாரேன்," என்றான் ஃபின்லே.

"நீ முதல்ல உன் வாய இறக்கி வை."

இறக்கி வைத்துப் பார்க்க அவளுக்குப் பயம்.

ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை, ஊர்க்கூடத்தில் கூட்டம் தேநீரும் ஓட்ஸ் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தபோது, டார்கில் மூன்று மெட்டுகளை நிறுத்தாமல் கோத்து வாசித்தான். மூன்றாவது புதிது. பெயர் சொல்லவில்லை, கோத்து வாசிக்கும்போது பெயர் சொல்லும் வழக்கமும் இல்லை. மர்டினா கை அதன் பாட்டுக்கு வாசிக்க, கண்ணால் கூடத்தில் இருந்த பெண்களின் கால்களை ஒவ்வொன்றாகத் துழாவினாள். புதிதாக வந்த டீச்சரின் சிவப்புப் பூட்ஸிலேயே அவள் கண் ரொம்ப நேரம் நின்றது. பூட்ஸ் தரையில்தான் இருந்தது. யாருமே எழும்பவில்லை. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே புகைக்கப் போயிருந்த டூகல் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "டார்கில், உன் மோரக்கோட கல்லு அந்தரத்துல நிக்குதுப்பா."

மோரக் அவனுடைய முதல் மனைவி. கல்லறைத் தோட்டம் கூடத்துக்கு எதிரேதான். திறந்த கதவு வழியாக மர்டினாவுக்கு இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது: நாலு பேர் மூச்சுமுட்டத் தூக்கி நட்ட கருங்கல், சுற்றுச்சுவருக்கும் மேலே, ஆள் உயரத்தில் நின்றது. மழைக்கு ஒதுங்க இடம் கிடைத்ததென்று செம்மறிகள் அதன் அடியில் போய் நின்றுகொண்டன. கனத்தைச் சாக்குச் சொல்ல இனி வழியில்லை. செத்தவளிடம் போய்ச் சண்டை போடவும் முடியாது.

அந்தக் குழுவில் ஒரு மெட்டை மூன்று சுற்று வாசிப்பார்கள். முடித்து வைப்பது அக்கார்டியனின் வேலை. மர்டினா தலையசைத்துத் துருத்தியை அழுத்தினால் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். அன்று அவள் இரண்டாம் சுற்றின் நடுவிலேயே அழுத்தினாள். கல் தொப்பென்று விழுந்ததில் மேசையில் கோப்பைகள் ஆடின. செம்மறிகள் எப்படியோ தப்பித்தன. அடுத்த வாரத்திலிருந்து அவை சுவரோரம் தள்ளியே நின்றன.

டார்கில் அந்த மெட்டை விடவில்லை. மர்டினாவும் விடவில்லை. வெள்ளிதோறும் கல் எழும்பியது, வெள்ளிதோறும் விழுந்தது, விழும்போதெல்லாம் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கியது. கல்லில் வெட்டியிருந்ததில் முதலில் பிறந்த தேதியும் இறந்த தேதியும் மண்ணுக்குள் போயின. அடுத்த ஆண்டு 'டார்கிலின் அன்பு மனைவி' என்ற வரி போனது. அன்று மர்டினா அவனுக்குத் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

"கொஞ்சம் பதமா முடிக்கக் கூடாதா?" என்று கேட்டான் அவன்.

"பதமா இறக்கி வைக்க அவ என்ன முட்டக் கூடையா?"

அவன் மீனைத் தின்றான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இப்படிச் சில குளிர்காலங்கள் போய், மோரக் என்ற பெயரும் மண்ணுக்குள் போனது. மேலே புல் மூடியது. அடுத்த வெள்ளி டார்கில் அதே மெட்டை எடுத்தபோது கூட்டம் கதவுப் பக்கம் திரும்பியது. கல் வரவில்லை. மண் அதை விடவில்லை போலும். ஆனால் அந்த இடத்துப் புல்தரை மட்டும் புளித்த மாவு மாதிரி மெல்ல உப்பி நின்றது. டூகல் விளக்கை எடுத்துக்கொண்டு போய், குனிந்து விரலை வைத்துப் பார்த்தார்.

"இரண்டு விரற்கடை!" என்று அங்கிருந்தே கத்தினார்.

"சரியா அளந்து சொல்லுங்க," என்றாள் மர்டினா, வாசிப்பை நிறுத்தாமல்.

மறுபடி அளந்தார். "இரண்டுதாம்மா. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

மர்டினா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அன்றுதான் அந்த மெட்டை அவள் முதல் முறையாக மூன்று சுற்றும் முழுதாக வாசித்து, பதமாக முடித்தாள்.