இம்பீரியல் டெஸ்டினிக்கு நூற்றுக்கு நாற்பது

மிஸ்டர் விட்மோரிடம் ஒரு குதிரை இருந்தது. வெள்ளியங்கிரியிடம் ஒரு விசா இருந்தது. இரண்டுமே அடுத்த வேலியைத் தாண்டுமா என்பது யாருக்கும் தெரியாது.

குதிரையின் பெயர் இம்பீரியல் டெஸ்டினி. நான்கு வயது. வேலி தாண்டும் பந்தயத்தில் அதுவரை இரண்டே முறை ஓடியிருந்தது. முதல் முறை கடைசியாக வந்தது. இரண்டாம் முறை ஜாக்கியை வழியில் இறக்கிவிட்டுத் தனியாக வந்தது. விசாவுக்கோ இன்னும் ஏழு மாதம்தான் ஆயுள். ‘இந்த வேலைக்கு அமெரிக்கர் யாரும் கிடைக்கவில்லை’ என்று கிரீன் கார்டு மனுவில் விட்மோர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். மனு மார்ச்சிலிருந்து அவர் மேஜையில் படுத்திருந்தது. அதன் மேல் குதிரைப் பத்திரிகைகள் படுத்திருந்தன.

விட்மோர், பிரின்ஸ்டன் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வைஸ் பிரசிடென்ட். அந்தக் கம்பெனியில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு வைஸ் பிரசிடென்ட் மேல்தான் விழ வேண்டும். 1998 செப்டம்பரில் ஒருநாள், இரண்டாயிரமாம் ஆண்டு கம்ப்யூட்டரைக் கவிழ்த்துவிடாமல் கோபால் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் தேதி திருத்திக்கொண்டிருந்த வெள்ளியங்கிரியை அவர் அறைக்கு அழைத்தார்.

“வெல்லி, அடுத்த மாதம் பெரிய பந்தயம். இரண்டரை மைல், பதினான்கு வேலி. டெஸ்டினியை இறக்குகிறேன். ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று எனக்கு ஒரு நம்பர் வேண்டும். விஞ்ஞானபூர்வமாக! விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டும்.”

வெள்ளியங்கிரி பொள்ளாச்சிக்காரன். குதிரையைக் கல்யாண ஊர்வலத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் கொடுத்த வேலையைச் செய்யத் தெரியும். எதிர்த்து ஓடப்போகும் ஏழு குதிரைகளின் ஐந்து வருடப் பந்தயங்களையும் ஒன்றுவிடாமல் ஏற்றினான். ஏழும் பழம் தின்று கொட்டை போட்டவை. அதிலும் ஓல்ட் பிஸ்கட் என்ற பதினோரு வயசுக் கிழம் முப்பத்தெட்டுப் பந்தயத்தில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. புரோகிராமை மூன்று தடவை ஓட்டினான். மூன்று தடவையும் டெஸ்டினிக்கு வந்தது நூற்றுக்கு நாலு.

ஞாயிற்றுக்கிழமை, மான்மவுத் ஜங்ஷனில் மகன் வீட்டோடு இருக்கும் கஸ்தூரிரங்கனிடம் போனான். திருவல்லிக்கேணியில் பாங்க் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வீட்டில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்து நடந்தாலும் சாம்பார் வருவதற்கு முன் கிண்டி ரேஸ் வந்துவிடும். குதிரை விஷயத்தில் நியூ ஜெர்சித் தமிழர்களுக்கு அவர்தான் உச்ச நீதிமன்றம்.

“நாலா? எவன்டா சொன்னான்?”

“கம்ப்யூட்டர் சொல்லுதுங்க அங்கிள்.”

“அது என்னிக்குடா கிண்டிக்கு வந்தது? நாப்பது வருஷம் பாத்தவன் சொல்றேன், கேளு. புதுக் குதிரைக்கு முதுகுல ஏத்தற வெயிட் கம்மியாத்தான் குடுப்பான். அது பறந்துண்டு போகும். கிழமெல்லாம் பின்னாடி மூச்சு வாங்கிண்டு வரும்.”

“நடுவுல பதினாலு வேலி இருக்குதுங்களே?”

“வேலியா? ரேஸ்ல எதுக்குடா வேலி?”

“தாண்டறதுக்குங்க.”

உச்ச நீதிமன்றம் ஒரு வாய் காபிக்காக ஒத்திவைக்கப்பட்டது.

“தாண்டினா தாண்டிட்டுப் போறது. நாலை நாப்பதாக்கு. உன் பாஸ் கேக்கறது கணக்கு இல்லேடா அசடு, ஆசீர்வாதம்!”

வீட்டில் மனைவி வசந்தாமணி ஒப்புக்கொள்ளவில்லை. “ஏனுங்க, நாலுன்னா நாலுன்னு சொல்லிப்போட்டு வாங்க. அது மேல உக்காந்து ஓட்டறவன் ஒருத்தன் இருக்கானல்லோ?”

“கையெழுத்து விழுகலீன்னா மே மாசம் பொட்டி கட்டோணும். பரவால்லியா?”

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். “செரி, நாப்பதுன்னே போடுங்க. அந்த ஜாக்கிகிட்ட மட்டும் மெதுவா ஓட்டச் சொல்லிருங்க.”

நாற்பது என்று போட்டான். கலரில் வட்டப்படம் வேறு.

பந்தயத்தன்று மேட்டுப் புல்வெளி முழுக்கக் கார்கள், டிக்கியைத் திறந்துகொண்டு நின்றன. புல்லின் மேல் மேஜை, மேஜை மேல் வெள்ளி மெழுகுவத்தித் தண்டு, நண்பகல் வெயிலில் அதில் எரியும் மெழுகுவத்தி. விட்மோர் தலையில் தொப்பி, கழுத்தில் பைனாகுலர். வட்டப்படத்தை விருந்தாளிகளுக்குக் காட்டி, வெள்ளியங்கிரியின் முதுகைத் தட்டி, “விஞ்ஞானம்!” என்றார். ஆறு தடவை சொன்னார். ஆறு தடவையும் தட்டினார்.

கூடவே வந்திருந்த கஸ்தூரிரங்கன் அப்போதுதான் முதல் வேலியைப் பார்த்தார். “என்னடா இது, என் நெஞ்சு உசரத்துக்குன்னா இருக்கு!” அதன்பிறகு கிண்டியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

வெள்ளியங்கிரி ஜாக்கியைத் தேடிப் போய், மெதுவாக ஓட்டுமாறு காதோடு சொன்னான். அவன் சிரித்தான். “இதன் மேல் இரண்டு முறை ஏறியிருக்கிறேன், ஒரு முறை விழுந்திருக்கிறேன். நீங்கள் சொல்லவே வேண்டாம்.”

கொடி விழுந்தது. ஏழு குதிரைகள் முதல் வேலியைத் தாண்டின. எட்டாவதாக வந்த இம்பீரியல் டெஸ்டினி வேலியருகே நின்றது. முகர்ந்து பார்த்தது. பிறகு விருந்தாளிகளுக்குத் தன் பின்புறத்தைக் காட்டி நின்று, புல் மேய ஆரம்பித்தது. ஓல்ட் பிஸ்கட் தெருமுனையில் பால் பாக்கெட் வாங்கி வருவதைப்போலப் போய் ஜெயித்துவிட்டு வந்தது.

விருந்தாளிகள் கண்ணாடிக் கோப்பைக்குள் சிரித்தார்கள். விட்மோரின் முகம் தக்காளியானது.

“வெல்லி! நாற்பது என்று சொன்னாயே?”

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். வெள்ளியங்கிரியின் கண்ணுக்குள் மே மாசமும் நாலு பெட்டியும் ஓடின. வாய் தானாகப் பேசியது.

“நாற்பது என்றால் மீதி அறுபது, சார். இன்றைக்கு வந்தது அந்த அறுபது.”

முப்பது வருடம் இன்ஷூரன்சில் குப்பை கொட்டியவர் அதை அன்றுதான் முதல்முறையாகக் கேட்பதுபோல் நின்றார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி விருந்தாளிகள் பக்கம் திரும்பினார்.

“அறுபது சதவீதம் ஆபத்து என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் இறக்கினேன். துணிச்சல் என்பது அதுதான்!”

கை தட்டினார்கள். கஸ்தூரிரங்கனும் தட்டினார்.

திங்கட்கிழமை மனுவில் கையெழுத்து விழுந்தது. ஆபத்தை இத்தனை துல்லியமாகக் கணிப்பவர் இந்த நாட்டில் வேறு எவருமில்லை என்று தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தும் இருந்தார். வெள்ளியங்கிரி மனுவை மடித்து உள்பாக்கெட்டில் வைத்தான். பட்டன் போட்டான்.

“வெல்லி, ஏப்ரலில் இன்னும் பெரிய பந்தயம். டெஸ்டினிக்கு எவ்வளவு?”

“நாலு, சார்.”

“நாலா? போன தடவை நாற்பது இருந்ததே?”

“அப்போது புதுசு, சார். இப்போது அதற்கு அனுபவம் வந்துவிட்டது.”