ஓனிசிமின் சந்தேகம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் ஓனிசிமின் மனைவி மோத்ரியாவின் தங்கை மகள். [அவள் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.] முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பொல்தாவாவின் பொன்னிறக் கோதுமை வயல்களினூடே ஒரு குருட்டுப் பாடகன்…’

அடித்துவிட்டேன். அந்த வருடம் விளைந்ததையெல்லாம் அரசாங்க வண்டிகள் அள்ளிக்கொண்டு போயிருந்தன.

2

ஓனிசிமின் கண்கள் ஐந்து வயதில் அம்மையில் போயின. மனைவி மோத்ரியாவின் தோளைப் பிடித்து ஊர் ஊராகப் போய், பந்துராவை மடியில் வைத்து மீட்டிப் பாடுவான். தானியத்தைப் பறித்தவர்களைப் பற்றி அவனே கட்டிய பாட்டு ஒன்று உண்டு. பாடினால் சிறை. நம்பிக்கையான வீடுகளில் மட்டும் பாடுவான்.

மிர்கோரத் சந்தையில், தேவாலய வாசலில் ஓனிசிம் உட்கார்ந்திருந்தபோது ஒருவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“நானும் கண்ணில்லாதவன்தாண்ணே. பேரு யுகிம். அந்தத் தானியப் பாட்டைக் கொஞ்சம் சொல்லிக் குடேன்.”

ஓனிசிம் விரல்களைத் தந்தியிலிருந்து எடுத்தான். தேவாலய வாசலில் கணுக்கால் புதையும் சேறு. காலையில் அவனே விழுந்து எழுந்த சேறு. இவன் வந்தபோது சளக்கென்ற சத்தமே இல்லையே?

“இவனுக்குக் கண்ணு தெரியுது! உளவு பாக்க வந்திருக்கான்!”

சந்தை திரண்டது. [யுகிமை அவர்கள் அடித்ததை ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். மூன்று பேர். ஒருவன் கையில் வண்டி அச்சாணி. போதும்.]

3

மோத்ரியா தண்ணீர் வாளியோடு ஓடிவந்தாள்.

“பாவி, என்ன காரியம் பண்ணின? நாந்தான்யா அவரைக் கையப் பிடிச்சு, சேத்தைச் சுத்தி இந்தாண்ட கொண்டாந்து விட்டுட்டுத் தண்ணிக்குப் போனேன்!”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

[மோத்ரியா பொய்யே பேசமாட்டாளாம். தங்கை மகள் வேறெப்படிச் சொல்வாள்?]

4

கொல்லன் பட்டறையில் யுகிம் வைக்கோல்மேல் கிடந்தான். ஓனிசிம் அவன் முகத்தைத் தடவினான். இமைகளுக்கடியில் வெறும் குழி.

“மன்னிச்சுருப்பா.”

“உன் மன்னிப்பை வச்சு நான் என்னண்ணே பண்ண? பாட்டைப் பாடு.”

உடனே ஓனிசிம் பாடிவிட்டதாக… [இல்லை.] அவன் யோசித்தான். கண் போனவனுக்குக் காதும் போயிருக்குமா? அதிகாரிகளுக்கு வேண்டியது காதுதானே? சாகக் கிடக்கிறவன் ஏன் இந்தப் பாட்டையே கேட்கிறான்? ஒருவேளை, இதைக் கேட்கத்தான் இத்தனை தூரம் நடந்து வந்தானோ?

ஓனிசிம் பந்துராவை மடியில் எடுத்து வைத்தான். மோத்ரியா எழுந்து போய்ப் பட்டறைக் கதவைச் சாத்தினாள்.

பாடினான், அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். பாடவில்லை, யுகிம் அன்றே செத்தான் என்று இன்னொன்று. எது நடந்தது என்று எனக்குத் தெரியும்.

ஆனால், நீங்கள் ஏன் இவ்வளவு ஆவலாகக் கேட்கிறீர்கள்? உங்களை இங்கே அனுப்பியது யார்?