மஞ்சள் அடிக்குது

வேலையை விடுவது என்பது ஒரு மனித உயிர் தன் உள்ளத்தின் ஆழத்திலிருந்து எழும் குரலுக்குச் செவிசாய்த்து எடுக்கும் மகத்தான முடிவு. அவள் விஷயத்தில் குரல் எதுவும் எழவில்லை. ஒரு டப்பா வெள்ளைப் பெயிண்ட்தான் காரணம்.

பெயிண்ட் கம்பெனியில் நிறம் கூட்டுவது அவள் வேலை. யாராவது ஒரு துணித்துண்டையோ ஓட்டுச் சில்லையோ கொண்டுவந்து நீட்டினால், எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பதினோரு வருடத்தில் கண் அப்படித் தேறியிருந்தது. அவளுக்கென்று பெருமைப்பட்டுக்கொள்ள இருந்ததும் அந்தக் கண் ஒன்றுதான். ஆனால் அவள் கூட்டிய நிறம் வாசலைத் தாண்ட மானேஜர் கையெழுத்து வேண்டும். மானேஜருக்குத் தம் கண்ணைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம். மாதிரி அட்டையை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மூச்சையும் கொஞ்சம் நிறுத்திவைத்து, பிறகு தீர்ப்புச் சொல்வார்: "மஞ்சள் அடிக்குது." நீலத்துக்கும் அதே தீர்ப்புதான். ஒருமுறை மஞ்சளுக்கே சொன்னார்.

முதல் வருடம் அவள் நிஜமாகவே திருத்திப் பார்த்தாள். இரண்டாம் வருடம் ஒருநாள் அட்டை மாறிப்போய், திருத்தாததையே மறுபடி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். மானேஜர் ஒற்றைக் கண்ணால் அதை நெடுநேரம் ஆராய்ந்து, "இப்பதான் உயிர் வந்திருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அதுவே முறையாகிவிட்டது. அட்டையை வாங்கி வருவாள், நிதானமாக ஒரு டீ குடிப்பாள், அதே அட்டையைத் திரும்ப நீட்டுவாள். உயிர் வந்துவிடும். கம்பெனி முழுக்கத் தெரிந்த ரகசியம். அவள் டம்ளரோடு உட்கார்ந்தாலே ஸ்டோர்க்காரர், "என்ன தங்கச்சி, உயிர் ஊத்துறியா?" என்பார்.

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்று அவளைக் கூப்பிட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. நசுங்கிய கதவை நிமிர்த்தியதும், வண்டியின் மற்ற பாகத்தோடு ஒட்டிப்போகும்படி நிறம் கூட்டித் தர வேண்டும். அங்கே கையெழுத்தெல்லாம் கிடையாது. நிறம் ஒட்டினால் ஒட்டியது. இல்லாவிட்டால் தெருவில் போகிறவன்கூடச் சிரிப்பான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள். அவள் ஒரு தாளில் போனால் நல்லது, இருந்தால் நல்லது என்று இரண்டு பத்தியாக எழுதினாள். கணவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் இருக்கு என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார். மனைவி சொல்லுக்கு மறுசொல் சொல்லாதவர். அவள் இரண்டு சொல் சொன்னால் இரண்டுக்கும்.

வியாழக்கிழமை அந்த வெள்ளை வந்தது. ஏதோ மருத்துவமனைச் சுவருக்கு. மானேஜர் கண்ணை மூடினார், மஞ்சள் அடித்தது. அவள் போய் டீ குடித்துவிட்டு வந்தாள், உயிர் வந்தது. வழக்கமாக அத்துடன் முடிந்துவிடும். அன்றைக்கு என்ன தோன்றியதோ, "பரவாயில்லம்மா, உன் கண்ணும் தேறிட்டு வருது" என்றார் மானேஜர்.

அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நடைவழியில் போகும்போது அட்டையை ஒருதரம் வெளிச்சத்தில் பார்த்தாள். ஆமாம், காலையில் இருந்த அந்த மஞ்சள் இப்போது இல்லைதான் என்று நினைத்தாள். நினைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எந்த மஞ்சள்? அட்டையில் அவள் கையே வைக்கவில்லையே. இத்தனை காலமும் மானேஜரை ஏமாற்றிக்கொண்டிருந்தது தான்தான் என்றல்லவா எண்ணியிருந்தாள். இன்னும் ஒரு வருடம் போனால் அவளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

ஸ்டோரில் ஒரு தாள் வாங்கி, நின்றவாக்கிலேயே நாலு வரி ராஜினாமா எழுதினாள். நல்லா யோசிச்சியா என்று ஸ்டோர்க்காரர் கேட்டார்.

"யோசிச்சா ரெண்டு பத்தி வருதுண்ணே. இன்னைக்கு இல்லாத மஞ்சள் என் கண்ணுக்குத் தெரிஞ்சிடுச்சு. இனி இருந்தா இருக்கற கண்ணும் போயிடும்."

மானேஜர் கடிதத்தையும் பழக்கதோஷத்தில் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார்.

"இதுல அவசரம் தெரியுதும்மா. கொஞ்சம் திருத்திட்டு வா."

அவள் கைநீட்டி வாங்கிக்கொள்ளவில்லை.

"திருத்த ஒண்ணும் இல்ல சார். காலையில அந்த வெள்ளையிலயும் இல்ல. ரெண்டு தடவையும் ஒரே அட்டைதான். பத்து வருஷமா ஒரே அட்டைதான் சார்."

மானேஜர் கடிதத்தை மேஜைமேல் வைத்து, அவள் பார்க்க முதன்முறையாக இரண்டு கண்ணாலும் ஒன்றைப் படித்தார். படித்து, கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவள் நடந்ததை நடை என்று சொல்லக் கூடாது, பவனி. மேலங்கியைக் கழற்றி ஸ்டோர்க்காரர் கையில் போட்டாள். கலக்கும் கோலை இயந்திரத்தில் நின்ற பெண்ணுக்கும், டம்ளரைப் பொட்டலம் கட்டுகிறவருக்கும் தானம் செய்தாள். எல்லாரும் வேலையை நிறுத்திக் கைதட்டினார்கள். காவலாளி சின்னக் கதவை விட்டுப் பெரிய கதவையே திறந்துவிட்டார். நடுரோட்டிலிருந்து பட்டறைக்குப் போன் போட்டு, வருகிறேன் என்றாள். வெளியே ஒவ்வொரு சுவரும் அதனதன் நிறத்தில் இருந்தது. அவள் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். வேலையை விட்டதைச் சொன்னதும், தானும் அதையேதான் நினைத்ததாகக் கணவர் சொன்னார்.

விதிப்படி இன்னும் ஒரு மாதம் வேலை பார்த்துவிட்டுப் போவதாகக் கடிதத்தின் மூன்றாவது வரியில் அவளே எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்டோருக்குப் போய், மேலங்கியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.