நிர்வாகி கடைசி

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, ஒருமுறை உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் செயலாளரம்மா முப்பத்தாறு வருஷமாக இந்த வேலையைச் செய்கிறாள். எதிர்முனையில் நிற்கும் ஆள்தான் நாலைந்து தடவை மாறியிருக்கிறது. இப்போது நிற்பவளுக்குத் தொண்டை பெரிது. அதனால் கூடத்தில் அவளுக்குச் சங்கு என்று பேர்.

"எழுபத்தோரு பேரு," என்றாள் செயலாளரம்மா, முனையைச் சேர்க்க வந்தபோது.

"என்னக்கா எழுபத்தோரு பேரு?"

"வாக்காளர் பட்டியல்ல நம்ம ஆளுங்க எழுபத்தோரு பேரைக் காணோம். நான், நீ, என் வீட்டுக்காரர், எல்லாரும்தான்."

சங்கு அடுத்த துணியை உதற மறந்து நின்றாள். "நாம எங்க போனோமாம்?"

"வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டோமாம். சரிபார்க்க வந்தவரு மூணு தடவை வந்து பார்த்தாராம். மூணு தடவையும் வீடு பூட்டியிருந்துச்சாம்."

"எத்தனை மணிக்கு வந்தாரு மகராசன்?"

"பகல் பதினோரு மணிக்கு."

"பதினோரு மணிக்கு நாம எங்க இருப்போம்? ஊரு ஜனம் படுக்குற துணியத்தானே பிழிஞ்சிட்டிருப்போம்!"

கூடத்தின் மறுகோடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

செயலாளரம்மா என்பது கூடத்துப் பதவி அல்ல. சலவைக் கூடத்துக்குப் பின்னால் நான்கு வரிசையாகத் தொழிலாளர் வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளின் உரிமைச் சங்கத்துக்கு அவள் கௌரவச் செயலாளர். சம்பளம் கிடையாது. அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ஒரு துணிப்பை உண்டு. அதில் விதிப்புத்தகம், வெள்ளைத்தாள், கார்பன் தாள், இரண்டு பேனா. புதன்கிழமை தோறும் வேலை முடிந்ததும் நகர அலுவலகத்துக்குப் போய், அறிவிப்புப் பலகையை மேலிருந்து கீழ்வரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வருவாள். நேற்றுப் பலகையில் ஒன்றும் இல்லை. திரும்பும்போதுதான், திறந்திருந்த கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தாள் ஒட்டியிருப்பது கண்ணில் பட்டது. கதவைச் சாத்திவிட்டுப் படித்தாள். வாக்காளர் நீக்கல் பட்டியல். நீக்கப்பட்டவர்கள் மறுபடி சேர நேரில் வர வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் மனுக் கொடுக்கக் கூடாது, கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

"வெள்ளிக்கிழமைன்னா நாளைக்கு," என்றாள் சங்கு.

"அதனாலதான் ராத்திரியே கணக்குப் போட்டு வச்சேன்." செயலாளரம்மா மடிப்பை அடுக்கில் வைத்தாள். "மனு வாங்குற ஜன்னல் பத்துலேருந்து ஒண்ணு, ரெண்டுலேருந்து அஞ்சு. முந்நூத்தி அறுபது நிமிஷம். ஆளுக்கு நாலு நிமிஷம் வச்சாலும் எழுபத்தோரு பேரும் முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சம் இருக்கு. பத்துப் பத்துப் பேரா போவோம்."

மேற்பார்வையாளர் முதலில் முகத்தைச் சுளித்தார். ஆபரேஷன் அறைத் துணி ஒரு கட்டுகூடத் தாமதமாகாது என்று அவள் எழுதிக் கொடுத்த பிறகுதான் சரி என்றார். இரண்டாம் ஷிஃப்ட்டுக்காரர்கள் காலையிலேயே வந்து போனவர்களின் இடத்தில் நின்றார்கள். யாரையும் அவள் கெஞ்சவில்லை. முன்னொரு காலத்தில் இந்த ஜனங்கள் நகர அலுவலகத்தின் முன்வாசலில் கால் வைக்க முடியாது. கழிவுநீர்க் கால்வாய்ப் பக்கமிருந்த பின் ஜன்னலில்தான் மனுவை நீட்ட வேண்டும். ஒன்பது வருஷம் மனுப் போட்டு, நான்கு தடவை வாசலிலேயே உட்கார்ந்து, அந்த ஜன்னலை மூடவைத்து முன்கூடத்தில் இரண்டாம் எண் ஜன்னலைத் திறக்கவைத்தவள் அவள். அது எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதல் பத்துப் பேர் இரண்டாம் எண் ஜன்னல் முன் நின்றார்கள். பாய்லர் வேலை பார்க்கும் அவள் புருஷன் வரிசையை ஒழுங்குபண்ணினார்.

"முப்பத்துமூணு வருஷமா இவளுக்குச் சம்பளமில்லாத வேலை. அந்த வேலையில எனக்குப் பாதிப் பங்கு," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

"பேசாம நில்லுங்க. படிவத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

முதல் ஆளுக்கே பதினோரு நிமிஷம் ஆயிற்று. படிவம் சரி, படம் சரி. விரல் ரேகைதான் விழவில்லை. எழுத்தர் அந்தச் சின்னக் கருவியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அது சிவப்பு விளக்கையே காட்டியது. வெளுப்புக் காரத்திலும் கொதிநீரிலும் இருபது முப்பது வருஷம் கிடந்த விரல்கள். நுனிகள் வழவழவென்று, கழுவி வைத்த கூழாங்கல் மாதிரி இருந்தன.

செயலாளரம்மா தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். கதவு மறைத்த தாளைக் கண்டுபிடித்தாயிற்று, நிமிஷத்தை எண்ணியாயிற்று, ஷிஃப்ட்டைப் பிரித்தாயிற்று. தினமும் கண்ணெதிரே இருக்கிற விரல்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டாள். அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு மணிக்கு ஜன்னல் மூடியபோது முடிந்திருந்தவர்கள் இருபத்தாறு பேர்.

மதிய இடைவேளையில் அவள் சாப்பிடவில்லை. காலையில் யார் யாருக்கு எந்த விரல் விழுந்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தாள். பெரும்பாலும் இடது கை மோதிர விரல். வாயருகே வைத்து ஊதிவிட்டு அழுத்தினால் சீக்கிரம் விழுந்தது. வரிசையில் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிக் கொடுத்தாள்.

"இடது மோதிர விரல். நல்லா ஊதிட்டு வைங்க. அழுத்தாதீங்க, சும்மா வைங்க."

"ஊதுறதுக்கு இதென்ன டீயா?" என்றார் ஒரு இஸ்திரிக்காரர்.

"டீன்னே நினைச்சுக்குங்க. நகருங்க."

இரண்டு மணிக்கு மேல் வரிசை ஓடத் தொடங்கியது. எல்லாரும் ஊதிக்கொண்டே நின்றதைப் பார்த்து எழுத்தருக்கே சிரிப்பு வந்தது. நாலே முக்காலுக்கு ஐந்து பேர் மிச்சம். ஐந்துக்கு ஏழு நிமிஷம் இருந்தபோது இரண்டே பேர்: சங்கு, அவளுக்குப் பின்னால் செயலாளரம்மா.

சங்கு திரும்பி நின்றாள். "அக்கா, நீங்க முன்னால போங்க."

"உன் முறைதானே? போ."

"எனக்கு ஓட்டு இல்லைன்னா ஊரு நின்னுடாது."

"எனக்கு இல்லைன்னாலும் நின்னுடாது. நேரம் போகுது."

"அக்கா, உங்க விதியைத் தூக்கிக் குப்பைல போடுங்க!"

விதிப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரே வரி: எந்த வரிசையிலும் நிர்வாகி கடைசி. அவள் வருவதற்கு முன்னால் வீட்டு வரிசைகளுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தபோது, முதல் குழாயை அப்போதைய தலைவர் தன் வாசலில் போட்டுக்கொண்டார். இரண்டாவது குழாய் செயலாளர் வாசலுக்குப் போனது. மூன்றாவது வரவே இல்லை. சங்கம் இரண்டு வருஷம் கூடவில்லை. மறுபடி கூடியபோது இருபத்தைந்து வயதில் செயலாளராக வந்தவள் தன் கையால் எழுதிய வரி அது. மூன்றாவது குழாயிலிருந்து முப்பதாவது குழாய்வரை வந்த பிறகுதான் அவள் வீட்டுக்குத் தண்ணீர் வந்தது.

"விதியைக் குப்பைல போட்டா, உன் குரலுக்கு மட்டும்தான் இனி சங்கம் பயப்படணும். போடி," என்று சங்கின் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

சங்குக்கு மோதிர விரல் விழவில்லை. நடுவிரல் விழவில்லை. ஊதினாள், துடைத்தாள், மறுபடி ஊதினாள். செயலாளரம்மா பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒவ்வொரு விரலாக வைத்தாள். எட்டாவது விரலுக்குப் பச்சை எரிந்தது. எழுத்தர் ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அவர் நிமிர்ந்தபோது கணினித் திரை மாறியிருந்தது.

"அஞ்சாச்சும்மா. தானாப் பூட்டிக்கிச்சு."

"நான் வரிசைலதான் நின்னேன்."

"தெரியும்மா." எழுத்தர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த ஜன்னலை முன்பக்கம் கொண்டுவந்ததே நீங்கதான்னு நான் வேலைல சேர்ந்த அன்னிக்கே சொன்னாங்க. ஆனா இது என் கைல இல்ல. இனி தேர்தல் முடிஞ்சுதான்."

செயலாளரம்மா துணிப்பையை மேடையில் வைத்தாள். கார்பன் தாளை இடையில் செருகி நின்றபடியே எழுதினாள். எழுதி முடிக்கும்வரை எழுத்தர் காத்திருந்தார். வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளை மாலை நான்கு மணிக்குப் பிறகு வந்து சரிபார்க்க வேண்டும், நீக்கல் பட்டியலைப் பலகையில் ஒட்ட வேண்டும், விரல் ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி வேண்டும்.

எழுத்தர் படித்துப் பார்த்தார். "இதுல உங்க பேரைச் சேர்க்கச் சொல்லி ஒண்ணுமே இல்லையே?"

"அது தனி மனு. இது எல்லாருக்கும். முதல்ல இதுக்கு முத்திரை போடுங்க. என் நகல்லயும்."

அவர் போட்டார்.

வெளியே படிக்கட்டில் எழுபது பேரும் ரசீதோடு நின்றிருந்தார்கள். சங்கு அழுதுகொண்டிருந்தாள். புருஷன் துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நம்ம கல்யாண போட்டோவுலகூட நீ ஓரத்துலதான் நிக்கிற," என்றார். "அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்."

"எழுபதும் விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறமென்ன," என்றாள். அவள் படியிறங்கினாள். அவர் பையோடு பின்னால் போனார்.

தேர்தலன்று காலை ஷிஃப்ட் முடிந்ததும், ஈரம் உலராத கைகளோடு, எழுபது பேரும் சேர்ந்தே வாக்குச்சாவடிக்கு வந்தார்கள். செயலாளரம்மா பட்டியலைப் பார்த்து வரிசை எண் சொன்னாள். பார்வை மங்கிய பழைய துவைப்புக்காரர் ஒருவரைக் கைப்பிடித்துக் கொண்டுபோய் வரிசையின் தலைப்பில் விட்டாள். திரும்பும்போது காவலுக்கு நின்ற இளைஞன் கை காட்டினான்.

"அம்மா, நீங்க போட்டாச்சா?"

"இல்ல தம்பி."

"அப்போ வரிசைல நில்லுங்க."

"என் பேரு பட்டியல்ல இல்ல."

"பேரு இல்லாதவங்க இங்க நிக்கக் கூடாதும்மா. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுங்க."

"ஏய், அவங்க யாருன்னு தெரியுமா உனக்கு?" வரிசையின் நடுவிலிருந்து சங்கின் குரல் எழுந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. பாதி வரிசை கலையத் தொடங்கியது.

செயலாளரம்மா கையை உயர்த்தினாள். "யாரும் வரிசையை விட்டு வரக் கூடாது."

வரிசை பழையபடி நேராகியது.

தரையில் போடப்பட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை அவள் தாண்டிப் போய், செருப்பு நுனி கோட்டில் படாதபடி நின்றுகொண்டு, முன்னாலிருந்து பின்னாலாகத் தலைகளை எண்ணினாள். அறுபத்தெட்டு. அறுபத்தொன்பது. எழுபது.